சின்னதம்பி தூக்கிக்கொண்டு ஓடியவை

சின்னதம்பி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடிய எந்தப் பொருளும் வழியில் கெட்டதில்லை. கோவளத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் விடிகாலையில் வலையிலிருந்து உதறிய சங்கரா மீன், தாம்பரம் மார்க்கெட்டுக்கு அவனோடு வந்து சேரும்போது வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். செதிலில் ஒட்டியிருந்த கடல்நீர்த் துளி புறப்பட்டபோது இருந்த இடத்திலிருந்து நகர்ந்திருக்காது. தூக்குவாளியில் டீ வாங்கிக்கொண்டு ஓடினால் டீ அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டிலேயே இருந்தது. மல்லிகை மொட்டாகவே வந்து சேர்ந்தது. ஆனால் அவன் ஓட வேண்டும். நடந்தாலோ, சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தாலோ, அவன் மீனும் மற்றவர்கள் மீனைப் போல மத்தியானத்துக்குள் கண் மங்கிவிடும். தாம்பரத்துக்காரர்கள் இதைப் பார்த்துப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. துள்ளுகிற மீனை ஆய்வதற்கு நேரமாகிறது, நாங்கள் ஆபீஸ் போக வேண்டாமா என்று சொல்லி, கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கேட்டார்கள்.

அவனுடைய அம்மா அங்காளம்மாளின் கூடையைப் பஸ்ஸில் ஏற்ற எந்தக் கண்டக்டரும் சம்மதிக்காததில் தொடங்கியது இது. கேளம்பாக்கம் வழியாக வண்டலூர் போகிற பஸ்ஸில் கம்பெனிக்காரர்கள் நிறைய ஏறுவார்கள். “எறங்கும்மா, கவுச்சி தாங்கல” என்றார் ஒரு கண்டக்டர். “மீன்ல கவுச்சி அடிக்காம மல்லிப்பூ வாசமா அடிக்கும்? உன் வூட்ல கொயம்பு வச்சா ஜன்னல சாத்திக்குவியா நீ?” என்று அங்காளம்மாள் கேட்டாள். பஸ் முழுக்கச் சிரித்தது, ஆனாலும் கூடை இறங்கத்தான் வேண்டியிருந்தது. அப்போது மகன் மீனை ஈரத்துணியில் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “நீ ஏறிக்கோம்மா, நான் வந்துகினே கீறேன்” என்றான். வண்டலூர் நிறுத்தத்தில் பஸ் நின்றபோது அவன் அங்கே காத்திருந்தான். மறுநாளிலிருந்து அதுவே வழக்கமானது. அப்பா கடலில், அம்மா பஸ்ஸில், மகன் ரோட்டில்.

அந்தக் குடும்பத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. எடுத்து வந்த மீனைத் தரையில் வைக்கக் கூடாது. யாருக்கென்று எடுத்து வந்ததோ அவர் கையில்தான் கொடுக்க வேண்டும். “கீய வச்சா அது அனாதையாப் பூடும்டா” என்பாள் அங்காளம்மாள். வாங்குகிறவர் பையை நீட்டினாலும் விடமாட்டாள். ஒரு விரலாவது மீன் மேல் பட்டால்தான் தன் கையை எடுப்பாள். அருவருப்படைகிற வாடிக்கையாளர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். போனவர்களைப் பற்றி அவள் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உடற்கல்வி இயக்குநர் வேதசிரோமணி அமெரிக்காவிலிருந்து திரும்பியிருந்தார். மூத்த மகள் வீட்டில் இரண்டு குளிர்காலங்கள் இருந்துவிட்டு, பேரப்பிள்ளைகளின் படங்களோடு ஒரு விளையாட்டையும் கொண்டு வந்திருந்தார். அதன் பெயர் கால்பந்து. ஆனால் பந்தைக் கையில்தான் வைத்திருப்பார்கள். பந்தும் உருண்டையாக இராது, இரண்டு முனையும் கூராகப் பெரிய பாதாம்கொட்டை மாதிரி இருக்கும். ஒருவன் பந்தை இடுக்கிக்கொண்டு எதிரணி ஆட்களின் சுவருக்குள் புகுந்து ஓட வேண்டும். அவர்கள் அவனை இழுத்து வீழ்த்துவார்கள். விழுந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். கடைசிக் கோட்டைத் தாண்டிவிட்டால் புள்ளி. தான் வேலை பார்த்த கிழக்குத் தாம்பரம் கல்லூரியில் அவர் இதற்கு ஓர் அணியை ஆரம்பித்தார். தலைக்கவசத்துக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட். தோள்கவசம் கேம்ப் ரோட்டில் ஆட்டோ சீட் தைக்கிற கடையில் ரெக்சினும் தேங்காய் நாரும் வைத்துத் தைத்தது. பையன்கள் மோதிக்கொண்டால் மைதானம் முழுவதும் நார் பறந்தது. சுற்றுச்சுவர் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த மார்க்கெட் ஆட்கள், “இன்னா கேமு இது? பால்ல காலே படல, ஃபுட்பாலாம்” என்று சிரித்தார்கள். எல்லாம் இருந்தது, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குத்தான் சரியான ஆள் கிடைக்கவில்லை. ஒருநாள் காலை ஸ்டேஷன் வாசலில், மின்சார ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் மொத்தமும் எதிரே வர, ஈரத்துணி மூட்டையோடு ஒருவன் எவர் மேலும் படாமல் அதற்குள் புகுந்து இந்தப் பக்கம் வந்ததை வேதசிரோமணி பார்த்தார். ஸ்கூட்டரை ஸ்டாண்டு போடவும் மறந்து அவன் பின்னால் மார்க்கெட் வரை நடந்தார். அடுத்த வருடம் சின்னதம்பி விளையாட்டு ஒதுக்கீட்டில் பி.ஏ. வரலாறு சேர்ந்தான்.

வேதசிரோமணியின் இளைய மகள் கிறிஸ்டி ஆட்டம் பார்க்க வந்தது ஆர்வத்தால் அல்ல. வீட்டில் அவளைத் தனியாக விடமாட்டார்கள். சிறுவயதில் வந்த ஒரு காய்ச்சல் அவள் இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அது வருடா வருடம் கொஞ்சம் பெருத்து, கொஞ்சம் தளர்ந்துகொண்டே வந்தது. கல்லூரி அலுவலகத்தில் உட்கார்ந்து செய்கிற வேலையாக ஒன்றை அப்பா வாங்கிக் கொடுத்திருந்தார். மாடிப்படி கூடாது, அழுகை கூடாது, அதிகச் சிரிப்பும் கூடாது. அம்மா ரத்தினபாய் அவள் கையில் எதையும் கொடுத்ததே இல்லை. பள்ளிக்கூடப் பையை அம்மா தூக்கினாள், சர்ச்சில் பாட்டுப் புத்தகத்தை அம்மா பிடித்துக்கொண்டாள், அக்காவின் குழந்தையை ஊருக்கு வந்தபோது எல்லோரும் மாறி மாறித் தூக்கினார்கள். கிறிஸ்டியிடம் அதைக் கட்டிலில் படுக்க வைத்துக் காட்டினார்கள். யாரும் அவளிடம் கடுமையாக ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்பு அவள் கைகளைச் சும்மா வைத்திருந்தது. இருபத்தாறு வயதில், மடியில் கிடக்கும் தன் கைகளைப் பார்க்கும்போது, யாரோ வந்து எடுத்துக்கொண்டு போவதாகச் சொல்லி வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரி அவளுக்குத் தோன்றும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அம்மா அழுவாள், அம்மா அழுதால் தானும் அழ வேண்டிவரும், அழுகை கூடாது.

முதல் ஆட்டத்தில் கடைசிக் கோட்டுக்கு அப்பால், வேப்பமர நிழலில், பிளாஸ்டிக் நாற்காலியில் குடையோடு அவளை உட்கார வைத்திருந்தார்கள். சின்னதம்பிக்கு முன்னால் குணா ஓடினான். இரும்புலியூர்ப் பையன், பரோட்டாக் கடையில் வளர்ந்த உடம்பு. முன்னால் போய் இடித்து வழி உண்டாக்குவது அவன் வேலை. “மச்சான், நீ எவனையும் பாக்காத. என் முதுக மட்டும் பாத்துகினு வா” என்று சொல்லியிருந்தான். குணா இரண்டு பேரைச் சாய்த்துவிட்டுத் தானும் விழுந்தான். அவன் மேல் தாவிக் குதித்த சின்னதம்பி அதற்குப் பிறகு யார் கையிலும் படவில்லை. கோட்டைத் தாண்டினான். நடுவர் விசில் ஊதிப் பந்தைக் கேட்டார். அவன் கொடுக்கவில்லை.

“கீழ போட்டுடு தம்பி, பாயின்ட் வந்தாச்சு!” என்று வேதசிரோமணி கத்தினார்.

“கீய எப்டி சார் போடறது? யாருக்கு சார் இது?”

அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தவர்கள் அதை யோசித்திருக்கவில்லை. சின்னதம்பி சுற்றிலும் பார்த்தான். கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரே ஆள் கிறிஸ்டிதான். நேராக வந்து அவளிடம் நீட்டினான். “புடிக்கா” என்றான். வேலிக்கு வெளியே இருந்து ரத்தினபாய், “ஐயோ, அவ கையில கொடுக்காதப்பா!” என்று ஓடிவந்தாள். அதற்குள் குடை கீழே விழுந்திருந்தது. பந்து கிறிஸ்டியின் இரண்டு கைகளிலும் இருந்தது.

அவள் எதிர்பார்த்ததைவிட அது கனமாக இருந்தது. அதைவிட, அது அவளுக்கு வந்திருந்தது. பதினோரு பேர் தடுக்க, ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ப்பித்த ஒரு பொருள், உனக்குத்தான், பிடித்துக்கொள் என்று. அன்று இரவு உள்ளங்கையில் அதன் தையல் தடத்தைத் தேடிப் பார்த்துக்கொண்டாள். மகிழ்ச்சியும் கூடாத பட்டியலில் உண்டா என்று டாக்டரிடம் கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அதன்பின் வந்த வருடங்களை விவரமாகச் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் எல்லா ஆட்டமும் ஒரே மாதிரிதான் முடிந்தது. பொத்தேரிப் பக்கத்துக் கல்லூரிகள் இரண்டு மூன்று இந்த விளையாட்டை எடுத்துக்கொண்டன. பாண்டிச்சேரியிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் அணிகள் வந்தன. சின்னதம்பி பந்தைத் தூக்கிக்கொண்டு எல்லோரையும் கடந்து வந்து கிறிஸ்டியிடம் கொடுத்தான். எந்தப் பக்கக் கோடோ அந்தப் பக்கத்துக்கு அவளுடைய நாற்காலியைத் தூக்கிப் போடுவதற்கென்றே மாற்று ஆட்டக்காரன் ஒருவன் இருந்தான். எதிரணிப் பயிற்சியாளர் ஒருவர் நாற்காலியில் இருக்கிற அந்தப் பெண்ணை மைதானத்தை விட்டு அனுப்ப வேண்டும் என்று மனு கொடுத்தார். விதிப்புத்தகத்தில் நாற்காலியைப் பற்றி எதுவும் இல்லை என்று நடுவர் சொல்லிவிட்டார். பந்து தேயவில்லை. மூன்றாவது வருடமும் கடையில் வாங்கிய மணம் அதில் இருந்தது. ஆட்டம் முடிந்தபின் அங்காளம்மாள் மிஞ்சிய நெத்திலியை கிறிஸ்டியின் கையில் கொடுத்து, “நீயும் கைல வாங்கற பொண்ணு, பரவால்ல” என்பாள். ரத்தினபாய் உடனே டெட்டாலோடு வருவாள்.

அவன் மீது தனக்கு இருந்ததற்குப் பெயர் வைக்க கிறிஸ்டி முயன்றதில்லை. அவன் அவளை அக்கா என்றான், அவளுக்கு அதில் ஏமாற்றம் எதுவும் இருக்கவில்லை. அலுவலகத்தில் வருகைப் பதிவை கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருக்கும்போது சில சமயம் யோசிப்பாள்: எனக்கு வேண்டியது அவனா, அவன் என்னை நோக்கி ஓடிவரும் அந்தத் தூரமா? கை நீட்டிக் காத்திருக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுடைய தளர்ந்த இதயம் ஒழுங்காக அடித்தது. அதை அவள் ரகசியமாகக் கவனித்து வைத்திருந்தாள். அது நோய் குணமாகிற அறிகுறி இல்லை என்பதும் தெரியும். காத்திருக்கத் தெரிந்த இதயம், அவ்வளவுதான்.

கடைசி வருடம் தென்னிந்தியக் கல்லூரிகளின் இறுதி ஆட்டம் பெங்களூரில் நடந்தது. கிறிஸ்டி அவ்வளவு தூரம் பயணம் செய்யக் கூடாது என்று, அவள் இதயத்தைப் பார்த்துவந்த டாக்டர் ஆஷா சொல்லிவிட்டார். சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தனக்கென்று அணி அமைக்கப்போவதாகவும், அதன் ஆட்கள் பார்க்க வருவதாகவும் பேச்சு இருந்தது. ஆட்டம் முடிய இன்னும் நேரம் இருந்தபோது சின்னதம்பி பந்தை வாங்கி, குணாவின் முதுகைப் பார்த்து ஓடி, கடைசிக் கோட்டைத் தாண்டினான். கோட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. ஒரு காலி விளம்பரப் பலகை மட்டும் இருந்தது. அவன் நிற்கவில்லை. மைதானத்தின் வாசல் வழியாக வெளியே போனான். நடுவர்கள் முதலில் அவன் தண்ணீர் குடிக்கப் போகிறான் என்று நினைத்தார்கள். ஓசூரில் அவனைப் பார்த்ததாக ஒரு லாரி டிரைவர் சொன்னார். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் தடுப்புக் கம்பியைத் தூக்கி விட்டதாக அங்கே வேலை பார்த்தவர் சொன்னார். காலையில் சேலையூரில் வேதசிரோமணி வீட்டு வாசல் கேட்டில் மாட்டியிருந்த பால் பாக்கெட்டை எடுக்க வந்த ரத்தினபாய், தோள்கவசத்தோடு அவன் நிற்பதைப் பார்த்தாள்.

“அவ தூங்கறாப்பா. இங்க கொடு, நான் வச்சிருக்கேன்.”

“இல்ல ஆன்ட்டி. அக்காவுக்கு எடுத்தாந்தேன்.”

கிறிஸ்டி செருப்பில்லாமல் வந்தாள். இந்த முறை ரத்தினபாய் தடுக்கவில்லை. மகளின் கைகளுக்குக் கீழே தன் கைகளையும் நீட்டி வைத்துக்கொண்டாள், தவறினால் பிடிக்கலாம் என்று. பந்து சில்லென்று இருந்தது. தாம்பரத்தில் அப்போதே வியர்த்தது; பந்தின் மேல் மட்டும் பெங்களூரின் சாயங்காலக் குளிர் பனியாகப் படர்ந்திருந்தது. கிறிஸ்டி அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, தன் வாழ்நாளில் போயிராத ஓர் ஊரின் மாலைநேரத்தில் சற்று நேரம் நின்றாள்.

மாற்றுப் பந்து கைவசம் இல்லாததால் ஆட்டத்தைத் தொடர முடியவில்லை. எந்த அணி வென்றது என்று இன்றுவரை அறிவிக்கப்படவில்லை. விதிப்படி அந்த ஆட்டம் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பந்து கிறிஸ்டியின் அறையில் அலமாரி மேல் இருந்தது. தூரம் அதிகமானதாலோ என்னவோ, அந்தக் குளிர் அதை விட்டுப் போகவில்லை. கோடை மத்தியானங்களில் கரண்ட் போனால் அப்பா, அம்மா, மகள் மூவரும் அந்த அறையில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

சிறுசேரிக் கம்பெனி சின்னதம்பியை எடுத்துக்கொண்டது. நிஜமான ஹெல்மெட்டும், முதுகில் பெயர் போட்ட சட்டையும், தினமும் காலை கட்டடத்தைச் சுற்றிப் பார்க்கிற ஒரு வேலையும் கொடுத்தார்கள். கோட்டைத் தாண்டியதும் பந்தைக் கீழே போட்டுவிட வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அவன் போட்டான். ஒவ்வொரு முறை போடும்போதும் ஏதோ தவறு செய்கிற மாதிரி இருந்தது என்று பின்னாளில் கிறிஸ்டியிடம் சொன்னான். மூன்றாவது ஆட்டத்தில், போடுவதா வேண்டாமா என்று அரைக்கணம் நின்றான். பின்னால் வந்த மூன்று பேரும் ஒரே காலின் மேல் விழுந்தார்கள். முழங்கால் உடைந்த சத்தம் பார்வையாளர் வரிசை வரை கேட்டது. இனி ஓட முடியாது என்றார்கள் டாக்டர்கள். கம்பெனி ஒரு பூங்கொத்து அனுப்பியது. அது வழியிலேயே வாடியிருந்தது.

அதே வருடம் கிறிஸ்டியின் இதயமும் இனி இப்படியே விட முடியாது என்ற இடத்துக்கு வந்தது. பேசினால் மூச்சு வாங்கியது. அவன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தபோது அவள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“இனிமே ஓட்டம் அவ்ளோதான்க்கா.”

“எனக்கு எப்பவுமே இல்லையேடா. உட்கார்ந்தே இருக்கலாம் ரெண்டு பேரும்.”

“உக்காந்துனு மீன் விக்கலாம் வா. உங்கம்மா டெட்டால் கொண்டாரட்டும்.”

அதிகச் சிரிப்பு கூடாது. இருந்தும் சிரித்துவிட்டு, வெகுநேரம் மூச்சுக்குத் திணறினாள். வைத்த பிறகும் போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேறு ஒருவரின் இதயம் கிடைத்தால் மட்டுமே அவள் பிழைப்பாள் என்று டாக்டர் ஆஷா சொன்னார். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய ஓர் ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே கொக்குகளும் கூழைக்கடாக்களும் நின்றன. காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை; ஆனால் இந்தக் காத்திருப்பு வேறு. எங்கேயோ ஒரு வீட்டில் சாவு விழ வேண்டும். அதை வேண்டிக்கொள்ள அவளுக்கு வாய் வரவில்லை. ரத்தினபாய் முழங்காலில் நின்று ஜெபம் செய்யும்போது கிறிஸ்டி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். வரவில்லை என்றால் வரவில்லை, நான் கை நீட்டிக் கேட்கமாட்டேன் என்று நினைத்துக்கொள்வாள். பிறகு, வாழ எவ்வளவு ஆசையாக இருக்கிறது என்பதும் நினைவுக்கு வரும். இரண்டும் அவளுக்குள் சேர்ந்தே இருந்தன, ஒன்றையொன்று தள்ளாமல்.

டிசம்பரில் புயல் வந்தது. முடிச்சூரில் படகு விட்டார்கள். வேளச்சேரிச் சாலையில் கார்கள் மிதந்தன. சதுப்புநிலம் எது, தெரு எது என்று பறவைகளுக்கே தெரியாமல் போய், கூழைக்கடா ஒன்று ஆஸ்பத்திரி வாகன நிறுத்தத்தில் நீந்திக்கொண்டிருந்தது. அன்று பகலில், பொத்தேரியில் ஓர் ஆஸ்பத்திரியில், திண்டிவனத்தைச் சேர்ந்த ஒருவர் மூளைச்சாவு அடைந்தார். அவர் மனைவி காந்திமதி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். இதயம் பொருந்தியது. எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். அதைக் கொண்டுபோக வந்த ஆம்புலன்ஸ் பெருங்களத்தூரில் தண்ணீருக்குள் நின்றுபோனது. ஹெலிகாப்டர் பறக்க முடியாது என்றார்கள். வேதசிரோமணிக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. முழங்கால் உடைந்தவனிடம் அதை எப்படிக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே எண்ணை அழுத்தினார்.

சின்னதம்பி பொத்தேரியில்தான் இருந்தான். மாணவர் விடுதிகளுக்கு மீன் போட குணாவின் ஷேர் ஆட்டோவில் வந்தவன், மழையில் திரும்ப முடியாமல் முந்தின நாளிலிருந்து ஒரு மெஸ்ஸில் மாட்டிக்கொண்டிருந்தான்.

“தம்பி, ஓட முடியுமா?”

“முடியாது சார், டாக்டர் சொன்னாரே. யாருக்கு?”

“கிறிஸ்டிக்கு.”

“சரி சார்.”

பொத்தேரி ஆஸ்பத்திரியில் நீலநிறப் பெட்டியை மேஜை மேல் வைத்து, எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவன் எடுக்கவில்லை. மேஜையிலிருந்து எடுத்தால் சரியாக வராது, குடுக்கிறவர் கையால் வாங்க வேண்டும் என்றான். நேரம் போகிறது என்று கத்தினார்கள். சுவரோரம் நின்றிருந்த காந்திமதி யாரும் சொல்லாமலே முன்னால் வந்தாள். பெட்டியை இரண்டு கைகளாலும் தூக்கினாள். ஒரு கணம் மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு அவனிடம் நீட்டி, “பத்திரமாக் கொண்டு போங்கண்ணா” என்றாள். அவளுடைய விரல்கள் பெட்டியை விடும்வரை அவன் இழுக்கவில்லை.

குணா எங்கிருந்தோ பழைய ரெக்சின் தோள்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டான். ஆட்டோ சீட்டுக்கடியில் அத்தனை வருடமும் அது கிடந்திருக்கிறது. “முதுக பாத்துகினு வா மச்சான்” என்று தண்ணீரில் இறங்கினான். கூடுவாஞ்சேரியில் இடுப்பளவு, ஊரப்பாக்கத்தில் மார்பளவு. குணா வெள்ளத்தை இடித்தான். அவன் இடித்த இடத்தில் தண்ணீர் இரண்டு பக்கமும் சாய்ந்து, நடுவில் ஜி.எஸ்.டி. ரோட்டின் தார் தெரிந்தது. அந்தத் தார் மேல் சின்னதம்பி ஓடினான். முழங்கால் அன்று எதுவும் சொல்லவில்லை. அவர்கள் பின்னாலேயே, வழி கிடைத்ததென்று இரண்டு மாடுகளும் ஒரு தபால்காரரும் கொஞ்ச தூரம் வந்தார்கள். தாம்பரம் மேம்பாலத்தில் குணாவின் மூச்சு நின்றுவிடும் போலிருந்தது. “போடா, இனிமே நீயே போ” என்று படியில் உட்கார்ந்துவிட்டான். சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் வழியாக அவன் தனியே ஓடியதை மாடிகளில் நின்ற ஜனங்கள் பார்த்தார்கள். தெரிந்தவர்கள் கையசைத்தார்கள். மொட்டை மாடியிலிருந்து யாரோ, “மீன் என்னப்பா இன்னிக்கு?” என்று கேட்டார்கள்.

அவன் பள்ளிக்கரணைக்கு வந்து சேர்ந்தபோது கெடு தாண்டி வெகுநேரமாகியிருந்தது. டாக்டர் ஆஷா வாசலிலேயே தலையை ஆட்டினார். பிரயோஜனமில்லை, இருந்தாலும் பார்க்கிறேன் என்று மூடியைத் திறந்தார். பனிக்கட்டிகள் போட்டது போட்டபடி இருந்தன, முனைகூட மழுங்கவில்லை. குனிந்து இதயத்தைப் பார்த்தார். அது எடுத்த கணத்திலேயே இருந்தது. உடனே ஆபரேஷன் அறைக்குக் கொடு என்று கை நீட்டினார். சின்னதம்பி பெட்டியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

“டாக்டரம்மா, கோச்சுக்காதீங்க. இது அக்காவுக்கு.”

“அவங்களுக்குத்தான்ப்பா வைக்கப் போறோம்! நீ என்ன பேசற?”

“அவங்க கைல குடுத்துட்றேன். அப்பறம் நீங்க வாங்கிக்குங்க.”

ஆபரேஷன் அறைக்கு வெளியே தள்ளுகட்டிலில் கிறிஸ்டி படுத்திருந்தாள். இதயம் வந்து சேரும்வரை மயக்கமருந்து கொடுக்கவில்லை. வாசலில் அவன் நின்றான். உடம்பு முழுவதும் தண்ணீர் வடிந்தது. காலிலிருந்து ரத்தம் வடிந்தது. அவளுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. ஊசி குத்திய கைகள் போர்வை மேல் கிடந்தன. நர்ஸ் குறுக்கே வந்து, பேஷன்ட் எதையும் தூக்கக் கூடாது என்றாள். எல்லோரும் ரத்தினபாயைப் பார்த்தார்கள். முப்பது வருடமாக மகளின் கையிலிருந்து எல்லாவற்றையும் வாங்கி வைத்த அந்த அம்மா நர்ஸின் தோளைத் தொட்டு விலக்கினாள்.

“கொடுப்பா,” என்றாள். “அவ பிடிச்சுக்குவா.”

கிறிஸ்டி கைகளை நீட்டினாள். எப்படி நீட்ட முடிந்தது என்று அவளால் பிறகும் சொல்ல முடியவில்லை. “புடிக்கா” என்றான் அவன். பெட்டி கனமாக இருந்தது. அதற்குள் ஒருவருடைய முழு வாழ்க்கையும், ஒரு மனைவியின் விரல்சூடும் இருந்தன, கெடாமல் வந்திருந்தன. தான் கேட்காமல், யாருடைய சாவையும் வேண்டாமல், தன்னை நோக்கி வெள்ளத்தில் ஓடி வந்த ஒன்று. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு உரிமை இருந்தது. அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு, தானே தன் கையால், டாக்டர் ஆஷாவிடம் கொடுத்தாள்.

சின்னதம்பியின் முழங்கால் அன்று மாலை நின்ற நிலையிலேயே இறுகிவிட்டது, இனி மடங்காது. தாம்பரம் மார்க்கெட்டில் அவனுக்கென்று உயரமான ஸ்டூல் ஒன்று செய்து போட்டிருக்கிறார்கள். ஐஸ் வைத்து விற்கிறான், எல்லோருடைய மீனும் மாதிரிதான். குணாவின் ஆட்டோ தாம்பரத்துக்கும் பொத்தேரிக்கும் ஓடுகிறது. மழைக்காலத்தில் கூட்டம் அதிகம். காந்திமதி வருடம் ஒருமுறை சேலையூருக்கு வந்து, கிறிஸ்டியின் நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கிறிஸ்டி மார்க்கெட்டுக்குப் போய், அங்காளம்மாளின் கூடையை வாங்கிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வருகிறாள். ரத்தினபாய் வெறுங்கையோடு முன்னால் நடக்கிறாள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. டாக்டர் ஆஷா ஸ்டெதஸ்கோப்பை வைப்பார். இதயத்துடிப்புக்குப் பின்னால் பலத்த மழை பெய்கிற சத்தமும், தண்ணீரில் ஒருவன் ஓடிவருகிற சத்தமும் கேட்கும். முதல் வருடம் அதற்காக ஆறு நிபுணர்களை வரவழைத்தார்கள். இப்போது யாரையும் கூப்பிடுவதில்லை.

“மழை இருக்கா டாக்டர்?” என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கிறிஸ்டி கேட்பாள்.

“இருக்கும்மா, நல்லாப் பெய்யுது” என்பார் ஆஷா. நார்மல் என்று எழுதிவிட்டு, சின்னதம்பி கடையில் வஞ்சிரம் இன்று என்ன விலை என்று விசாரிப்பார்.